நெஞ்சு போர்ட்டா, கை போர்ட்டா, பிக் லைனா? அம்மா கடல்ல இறங்குறவங்க

சின்னப்பாலம்_பையன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 51 வயசு. இடது மார்புல கட்டி. மதுரையில ஆபரேஷன் முடிஞ்சது, அக்குள் நெறியையும் (நிணநீர் முடிச்சு) சேர்த்து எடுத்துட்டாங்க. புண் ஆறினதும் கீமோ. முதல்ல ஏ.சி.ன்னு ரெண்டு மருந்து சேர்ந்த கீமோ 4 தடவை, 21 நாளைக்கு ஒண்ணு. அப்புறம் வாராவாரம் பேக்லிடாக்ஸல் 12. கட்டியில ஹெர்-2ங்கிற புரதம் அதிகம்னு (பாசிட்டிவ்) வந்ததால ட்ராஸ்டுசுமாப்ங்கிற மருந்து ஒரு வருஷம் போடணுமாம்.

"கையில நரம்பு சரியாப் பிடிபடல, மருந்து ஏத்த உடம்புல ஏதாவது ஒண்ணு வச்சுக்கிட்டா நல்லது"ன்னு டாக்டர் மூணு வழி சொன்னார். நெஞ்சுல போர்ட், மேல்கையில சின்ன போர்ட், இல்லன்னா பிக் லைன். வீட்ல பேசிட்டு வரச் சொல்லிட்டார். வீட்ல யாருக்கு என்ன தெரியும்?

அம்மா கடல்பாசி எடுக்குறவங்க. கண்ணாடி மாட்டிக்கிட்டு, விரல்ல துணி சுத்திக்கிட்டு, பையை இடுப்புல கட்டிக்கிட்டு முங்குவாங்க. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து எல்லாம் அந்தக் கையாலதான் பாறையிலேருந்து பிய்ச்சு எடுப்பாங்க. அவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு: "எதையாச்சும் வச்சுக்கோங்கடா, அதோட நான் முங்கலாமா முங்கக் கூடாதா?" அப்பா விசைப்படகுல கூலி, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கையில காசு இருக்காது. அதனால செலவையும் பாக்கணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மண்டபம்77

தம்பி, சும்மா பயமுறுத்துறாங்க. எங்க மாமாவுக்கு மொத்த கீமோவும் கையில ஊசி குத்தித்தான் முடிஞ்சது. இந்த போர்ட்டு கீர்ட்டு எல்லாம் பில் ஏத்துற வேலை.

மதுரை_கீமோ_நர்ஸ்

அண்ணே, உங்க மாமாவுக்கு என்ன மருந்து ஏத்தினாங்கன்னு தெரியாம இந்தத் தம்பிக்கு அதே வழியைச் சொல்லாதீங்க. கையிலயே முடிக்கிற கீமோ நிறைய இருக்கு. நரம்பு நல்லா இருந்து, சைக்கிள் கம்மியா இருந்து, மருந்தும் சதையை அரிக்காத வகைன்னா நாங்களே கை நரம்புல கேனுலாங்கிற சின்னக் குழாய் போட்டு அனுப்பிடுவோம்.

இந்த அம்மா விஷயம் வேற. ஏ.சி.யில வர்ற ஏ, அதாவது அட்ரியாமைசின்ங்கிற டாக்ஸோரூபிசின், வார்டுல எல்லாரும் சிவப்பு மருந்துன்னு சொல்றது. அது நரம்பை விட்டு வெளிய கசிஞ்சா சதை வெந்து புண்ணாயிடும், சில பேருக்குத் தோல் வச்சு ஒட்டுற அளவுக்குப் போயிருக்கு. பேக்லிடாக்ஸலும் நரம்புக்கு நல்லது பண்ணாது. இடது அக்குள் நெறியை எடுத்துட்டதால அந்தப் பக்கம் கையில ஊசி, ரத்தம் எடுக்குறது, பி.பி. பட்டை எதுவும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க. மிச்சம் வலது கை ஒண்ணுதான். கீமோ 16 தடவை, ஒவ்வொண்ணுக்கும் முன்னால ரத்தப் பரிசோதனை, அப்புறம் ட்ராஸ்டுசுமாப், எல்லாத்துக்கும் அந்த ஒரே கை. ஏற்கெனவே நரம்பு பிடிபடலன்னு டாக்டரே சொல்லிட்டார். நாலாவது தடவைக்குள்ள ஊசி குத்த இடம் தேடுற நிலைமை வரும். நான் தினம் பாக்குறது.

தம்பி, மூணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்றேன். பிக் லைன்ங்கிறது மேல்கையில உள்பக்கத்து நரம்பு வழியா நுழைச்சு, இதயத்துக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் போற மெல்லிசுக் குழாய். அதோட வால் கைக்கு வெளிய தொங்கிக்கிட்டே இருக்கும். போர்ட்ல எதுவும் வெளிய தெரியாது. தோலுக்கு அடியில பத்து ரூபா காசு அகலத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம், டைட்டானியமோ கெட்டி பிளாஸ்டிக்கோ. அதோட மூடி சிலிகோன். அதுலேருந்து ஒரு குழாய் அதே பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும். மருந்து ஏத்துற அன்னைக்கு மட்டும் தோல் வழியா ஊசி குத்துவோம், முடிஞ்சதும் எடுத்துடுவோம். கை போர்ட்டும் இதேதான், கிண்ணம் சின்னது, மேல்கையில இருக்கும்.

தொண்டிக்காரி

எனக்கு லிம்போமாவுக்கு (நெறியில வர்ற புற்றுநோய்) பிக் வச்சாங்க. நல்லதையும் சொல்றேன், கெட்டதையும் சொல்றேன்.

வச்சது சுலபம். படுக்க வச்சு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மரத்துப்போற ஊசி போட்டு நுழைச்சாங்க, அன்னைக்கே வீட்டுக்கு வந்துட்டேன். எடுக்குறப்பவும் ஆபரேஷன் இல்ல, மெதுவா இழுத்துட்டு அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். குத்துற வலியும் கிடையாது.

ஆனா நம்ம ஊர் வெக்கைக்கு அது ஆகாது. அந்தக் கண்ணாடி மாதிரி ஒட்டுற டிரெஸ்ஸிங் வாரம் ஒரு தடவை மாத்தினாப் போதும்னாங்க. சித்திரையில வேர்வைக்கு ஓரம் கிளம்பிடும். ஓரம் கிளம்பினா உடனே மாத்தணும், இல்லன்னா கிருமி உள்ள போயிடும். குழாய் அடைக்காம இருக்க வாராவாரம் சலைன் தள்ளி ஃப்ளஷ் பண்ணவும் போகணும். கடலை விடுங்க, கிணத்தடியில தலைக்கு ஊத்துறதுக்கே கையில பிளாஸ்டிக் பை சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, ஒருத்தர் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கணும். நனையவே கூடாது.

தண்ணிக் குடத்தையும் யோசிங்க. தெருக்குழாயில பிடிச்சு இடுப்புல வச்சுத்தானே வரணும்? பிக் இருக்கிற கையால கனம் தூக்கக் கூடாதுன்னாங்க. எங்க வீட்ல வேற யாரு தூக்குவா? நான் தூக்கினேன். கடைசியில கை வீங்கி, கழுத்தடியில வலி. ஸ்கேன்ல ரத்தக்கட்டி. தூக்கினதாலதானான்னு டாக்டர் உறுதியாச் சொல்லல, பிக் வச்சாலே அந்த ஆபத்து கூடத்தான்னார். லைனை எடுக்கல, வேலை செய்யுதுன்னு அப்படியே வச்சுக்கிட்டு ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுத்தாங்க.

ரெண்டு மூணு மாசத்துல முடியுற சிகிச்சைன்னா பிக் வச்சுக்கோங்கன்னு இப்பவும் சொல்வேன். ஒரு வருஷத்துக்கு மேலன்னா வேண்டாம்.

மண்டபம்77

சகோதரி, உங்களுக்கு நடந்ததுக்கு வருத்தம். ஆனா இதைத்தான் நானும் சொல்றேன், இந்தக் குழாயெல்லாம் வச்சாலே சிக்கல்தான்.

ரேடியாலஜி_பிஜி

இந்த லைன்களை வைக்கும் துறையில் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் எண்களோடு பேசுகிறேன்.

மண்டபம் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. எந்த லைனிலும் சிக்கல் வரும். எதில் குறைவு என்பதற்கு நல்ல விடை இருக்கிறது. 2021-ல் லான்செட் இதழில் வெளிவந்த காவா ஆய்வு, பிரிட்டனில் 18 புற்றுநோய் மையங்களில் 1061 பேரை வைத்து நடந்தது. எல்லோரும் 12 வாரமோ அதற்கு மேலோ சிகிச்சை தேவைப்பட்டவர்கள். போர்ட்டையும் பிக்கையும் ஒப்பிட்டபோது சிக்கல் வந்தவர்கள் போர்ட்டில் 32 சதவீதம், பிக்கில் 47 சதவீதம். போர்ட்டையும் ஹிக்மன் என்ற இன்னொரு வகைக் குழாயையும் ஒப்பிட்டதில் 29-க்கு 43. பிக்குக்கும் ஹிக்மனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 52-க்கு 49. ஹிக்மன் என்பது நெஞ்சுத் தோலுக்கடியில் சுரங்கம் போலப் போய் வெளியே வால் விடும் குழாய். ரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அதற்கு இன்னும் தேவை இருக்கிறது. இந்த அம்மாவுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

போர்ட்டிலும் 100-க்கு 30 பேருக்கு ஏதோ ஒன்று வருகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். கிருமித் தொற்று, அடைப்பு, ரத்தக்கட்டி, சில சமயம் கிண்ணம் உள்ளேயே புரண்டுவிடும். காறை எலும்புக்கடியில் உள்ள நரம்பில் வைத்தால், முதல் விலா எலும்புக்கும் காறை எலும்புக்கும் நடுவில் குழாய் நசுங்கி, வருடக்கணக்கில் தேய்ந்து அறுந்துபோவதும் உண்டு. கயிறு இழுப்பவர்கள், துடுப்புப் போடுபவர்கள், தோளை ஓயாமல் அசைப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். இப்போது பெரும்பாலும் வலது கழுத்து நரம்பில் ஸ்கேன் பார்த்து வைக்கிறோம். அந்த வழியில் நசுங்கும் இடமே வராது. நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்தும் மிகக் குறைவு. "கழுத்து வழியா வைப்பீங்களா, ஸ்கேன் வச்சுப் பாத்து வைப்பீங்களா?" என்று தம்பி தயங்காமல் கேட்கலாம்.

இந்த அம்மாவுக்கு வலது பக்கம்தான் சரி. இடது பக்கம் அறுவை சிகிச்சை நடந்த இடம், பின்னால் கதிர்வீச்சு கொடுத்தாலும் கொடுப்பார்கள். அந்த வட்டத்துக்குள் போர்ட் இருக்கக் கூடாது.

கீழக்கரை_மகன்

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. எங்க வாப்பாவுக்குக் குடல் கேன்சர். ஃபால்ஃபாக்ஸ் கீமோ. அதுல ஒரு மருந்து 46 மணி நேரம் விடாம போகணும். ஆஸ்பத்திரியில படுத்துக் கிடக்கலாம், இல்ல பம்ப்போட வீட்டுக்கு வரலாம். நாங்க பம்ப்தான் எடுத்தோம். உள்ள மருந்து நிரப்பின ஒரு பலூன், வெளிய பிளாஸ்டிக் கூடு, கரண்ட் எதுவும் வேண்டாம். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து போர்ட் வழியா உள்ள போகும். இடுப்புல ஒரு பையில மாட்டிக்கிட்டு மதுரையிலேருந்து பஸ்ல வந்துடுவோம்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்த பம்ப் சூட்டுக்கு வேகமா ஓடும். முதல் தடவை வாப்பா பம்பைக் கைலிக்கு மேல போட்டுக்கிட்டு வெயில்ல கடைக்குப் போயிட்டு வந்தாங்க. முடிய வேண்டிய நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே பலூன் காலி. நர்ஸ்கிட்ட போன்ல கேட்டா, வேகத்தைக் கட்டுப்படுத்துற ஒரு சின்னத் துண்டு குழாயில இருக்கு, அதைத் தோல் மேல ஒட்டி வைக்கணும், உடம்புச் சூட்டுக்குத்தான் அதுக்குக் கணக்கு, பம்பை வெயில்லயும் வைக்கக் கூடாது, ஐஸ் பக்கத்துலயும் வைக்கக் கூடாதுன்னாங்க. நம்ம கடற்கரையில பம்ப்போட வர்ற எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும்.

உளு செய்யறதுக்கும் தொழுகைக்கும் ஒரு தடையும் இல்ல. ஊசி குத்தியிருக்கிற நாள்ல மட்டும் நெஞ்சுப் பக்கம் தண்ணி படாமப் பாத்துக்குவாங்க. ஊசி இல்லாத நாள்ல வாப்பா சாதாரணமாக் குளிச்சாங்க.

சாயல்குடி_பனங்காடு

எங்க அப்பா பனையேறி. நெஞ்சு மரத்துல உரசாம ஏற முடியாது, நெஞ்சுல காய்ப்பே இருக்கும். போர்ட் வச்சா அங்கதான் வரும்னதும் ஏறுறதையே விட்டுடணுமோன்னு பயந்தார். கை போர்ட் கேட்டோம். மரத்தை அணைக்கிறப்ப மேல்கை உள்பக்கமும் உரசும்னு டாக்டரே சொன்னார். கடைசியில நெஞ்சுலதான் வச்சார், அந்தப் பருவம் பதநீர் இறக்கல. கீமோ முடிஞ்சு ஸ்கேன் நல்லா வந்ததும் போர்ட்டை எடுத்துடுங்கன்னு நாங்களே கேட்டு எடுத்தோம். அடுத்த பருவத்துக்கு ஏறினார். என்ன வேலை பாக்குறோம்னு டாக்டர்கிட்ட நடிச்சுக் காட்டுங்க தம்பி. நிஜமாத்தான் சொல்றேன். "கூலி வேலை"ன்னு சொன்னா அவருக்கு என்ன புரியும்?

உச்சிப்புளி_டீச்சர்

கை போர்ட் வச்சிருக்கிறவ நான். அதைப் பத்தி யாரும் பேசலையேன்னு எழுதுறேன்.

எனக்கு வலது மார்பு, அதனால இடது மேல்கையில. பிளவுஸ் கையை இறக்கித் தச்சுக்கிட்டா பள்ளிக்கூடத்துல யாருக்கும் தெரியாது. நெஞ்சுல தழும்பு இல்ல. மருந்து ஏத்துற அன்னைக்கு வார்டுல முந்தானையை விலக்கிக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. இதை நம்ம பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா முக்கியம்.

குறைன்னா கிண்ணம் சின்னது. புது ஆளுக்குத் தடவிக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருக்கு. கை நரம்பு சின்னதுங்கிறதால ரத்தக்கட்டி கவலையையும் டாக்டர் முதல்லயே சொல்லித்தான் வச்சார். கரும்பலகையில எழுதுற கை வேற, போர்ட் இருக்கிற கை வேறங்கிறதால எனக்கு ஒத்துப்போச்சு. உங்க அம்மாவுக்கு மிச்சம் இருக்கிறது வலது கை மட்டும், அதே கையாலதான் பாசி பிய்க்கணும். நானா இருந்தா அந்தக் கையில வைக்க விடமாட்டேன்.

ஏர்வாடி_தர்கா_தெரு

எல்லாரும் எதை வைக்கிறதுன்னே பேசுறீங்க. வச்ச பிறகு யாரு பாக்குறதுன்னு ஒரு வார்த்தை.

என் அக்காவுக்கு போர்ட். ஒரு நாள் ராத்திரி காய்ச்சல், பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பேர் வேண்டாம். கையில நரம்பு கிடைக்கல. போர்ட் இருக்குன்னு சொன்னோம். அங்க இருந்த பொண்ணு சாதாரண ஸ்கால்ப் வெயின் ஊசியை எடுத்து அதுல குத்தப் போச்சு. அக்காவே கையைத் தட்டிவிட்டுட்டா. "வேற ஊசி வேணும்மா"ன்னு அவ சொன்னதுக்கு, "எல்லா ஊசியும் ஊசிதான்"னு பதில்.

மதுரை_கீமோ_நர்ஸ்

அக்கா தட்டிவிட்டது ரொம்பச் சரி. போர்ட்டுக்கு ஹூபர் ஊசி மட்டும்தான். சாதாரண ஊசி முனை சிலிகோன் மூடியிலேருந்து ஒரு துணுக்கைக் கொத்தி எடுத்துடும், அப்படிக் குத்தக் குத்த மூடி ஒழுக ஆரம்பிச்சுடும். ஹூபர் முனை வளைஞ்சிருக்கும், சிலிகோனை விலக்கிக்கிட்டுப் போகும், எடுத்ததும் மூடிக்கும். அதனாலதான் ஒரு போர்ட் 1000, 2000 குத்து வரைக்கும் தாங்குது. (இந்த முனையைக் கண்டுபிடிச்ச ஹூபர் ஒரு பல் டாக்டர். எங்க வார்டுல புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க.)

சரியாக் குத்துறாங்களான்னு கூட இருக்கிறவங்க பாத்தே கண்டுபிடிக்கலாம். கையுறை போட்டு, குளோர்ஹெக்ஸிடின்ங்கிற கிருமிநாசினி போட்டுத் துடைச்சு, அது காயுற வரைக்கும் காத்திருப்போம். ஊதிக் காய வைக்கக் கூடாது. மூணு விரலால கிண்ணத்தோட விளிம்பைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு நடுவுல நேரா இறக்குவோம். அடியில் இருக்கிற தகட்டுல ஊசி தட்டுறது விரலுக்குத் தெரியும். அதோட விடமாட்டோம், பின்னால இழுத்துப் பாப்போம். ரத்தம் வரணும். ரத்தம் வராம சிவப்பு மருந்தை ஏத்தவே கூடாது. "சலைன் போகுதுல்ல, ஏத்திடலாம்"னு யாராவது சொன்னா நிறுத்தச் சொல்லுங்க. குழாய் முனையில சவ்வு மூடியிருந்தாலும் சலைன் போகும், மருந்து பின்னால வழிஞ்சு தோலுக்கடியில கசியும். ஃப்ளஷ் பண்ண 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைஞ்சு எடுக்கக் கூடாது, சின்ன சிரிஞ்சோட அழுத்தம் குழாயைக் கிழிச்சுடும்.

வலிக்குப் பயப்படுறவங்க, குத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால மரத்துப்போற களிம்பைத் தடவி மேல ஒரு பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டு வரலாம். பஸ் பரமக்குடி தாண்டினதும் தடவிக்கிறவங்க இருக்காங்க.

மண்டபம்77

நர்ஸ் அக்கா, இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. மாமாவுக்கு என்ன மருந்துன்னு இப்பதான் கேட்டேன், சிவப்பு இல்லையாம். ஆனா அந்த பிரிட்டன் ஆய்வு நமக்குப் பொருந்துமா? அங்க நர்ஸ் வீட்டுக்கே வந்து டிரெஸ்ஸிங் மாத்துவாங்க. இங்க ராமேஸ்வரத்துலேருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர்.

ரேடியாலஜி_பிஜி

சரியான கேள்வி. வீட்டுக்கு நர்ஸ் வரும் நாட்டிலேயே பிக்கில் சிக்கல் அதிகம் என்றால், வாராவாரம் பஸ் ஏறி வர வேண்டிய ஊரில் அது குறையுமா? தூரம் கூடக் கூடப் போர்ட்டின் பக்கம்தான் தராசு சாய்கிறது. பயன்படுத்தாத நாளில் போர்ட்டுக்கு 4 வாரத்துக்கு ஒரு ஃப்ளஷ் போதும் என்பது பழைய வழக்கம். 12 வாரம் வரை தள்ளலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் மருத்துவமனை எந்தக் கணக்கைச் சொல்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

செலவிலும் இதே விஷயம்தான். வைக்கும் அன்று பிக் மலிவு, போர்ட் விலை கூட. பிக்குக்கு வாராவாரம் டிரெஸ்ஸிங் செலவு, பஸ் காசு, கூட வருபவரின் ஒரு நாள் கூலி எல்லாம் எந்தப் பில்லிலும் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், போர்ட்டின் விலை கீமோ தொகுப்புக்குள் வருமா, தனியே கட்ட வேண்டுமா என்று வைப்பதற்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். வைத்த பிறகு கேட்டால் பேச இடம் இருக்காது.

இன்னொன்று, சி.டி. ஸ்கேனுக்கு மருந்தை வேகமாகச் செலுத்தத் தாங்கும் வகை போர்ட்டா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் பார்த்தால் அதில் சி, டி என்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். அதற்கேற்ற ஹூபர் ஊசியும் தனி. போர்ட்டோடு கொடுக்கும் அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள்.

சின்னப்பாலம்_பையன்

எல்லாருக்கும் நன்றி. வாசிச்சுக் காட்டினேன். அம்மா பனையேறி ஐயா கதையை மட்டும் ரெண்டு தடவை கேட்டாங்க. "அவரு மரம் ஏறுனாரா, அப்ப நான் முங்குவேன்"ங்கிறாங்க. நர்ஸ் அக்கா, முங்கலாமா?

மதுரை_கீமோ_நர்ஸ்

தம்பி, இதை மூணு பகுதியாப் பிரிச்சுக்கோங்க.

முதல் ஆறு மாசம், ஏ.சி.யும் பேக்லிடாக்ஸலும் ஓடுறப்ப, எந்த லைன் வச்சாலும் வைக்காட்டியும் கடல் வேண்டாம். காரணம் போர்ட் இல்ல. வெள்ளை அணுக்கள் குறையும். பாறையிலயும் சிப்பியிலயும் கால் கிழியாம பாசி எடுத்த ஆள் உண்டா? அந்த நேரத்துல சின்னக் கீறல் கூட ரத்தத்துல கிருமி ஏறுற அளவுக்குப் போகும். மூச்சடக்கி முங்குறதுக்கு ரத்தமும் போதாது. பேக்லிடாக்ஸல்ல விரல் நுனி மரத்துப்போகும், கல்லு குத்துறதே தெரியாது.

ரெண்டாவது, ட்ராஸ்டுசுமாப் மட்டும் ஓடுற மாசங்கள். அப்ப ரத்த அணுக்கள் சீராயிட்டா, போர்ட் வச்ச தழும்பு நல்லா மூடியிருந்தா, ஊசி குத்தியிருக்கலைன்னா, டாக்டர் சம்மதத்தோட தண்ணிக்குள்ள இறங்கலாம். தோல் முழுசா மூடியிருக்கிற போர்ட்டுக்கு உப்புத்தண்ணி ஒண்ணும் பண்ணாது. பிக் வச்சிருந்தா கடைசி நாள் வரைக்கும் இந்தப் பேச்சுக்கே இடமில்ல. அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்த ஆறு மாசம் தாண்டுனா முங்கலாம், அதுக்கு போர்ட் வேணும்.

மூணாவது யாரும் கேக்காதது. இடது கை. போர்ட்டை எடுத்த பிறகும் அந்தக் கை ஆயுசுக்கும் கவனம். நெறி எடுத்த கையில வெட்டுக்காயம் பட்டா கிருமி பிடிச்சு கை யானைக்கால் மாதிரி வீங்கி நின்னுடலாம். வெறும் துணி சுத்துறது போதாது, முழங்கை வரைக்கும் கெட்டி ரப்பர் கையுறை போட்டுக்கச் சொல்லுங்க, பாசியை வலது கையால பிய்க்கட்டும். கீறல் பட்டா அன்னைக்கே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடணும். சிவந்து சூடாச்சுன்னா மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

உச்சிப்புளி_டீச்சர்

இன்னொண்ணு சேர்த்துக்கோங்க. கிண்ணம் வைக்கிற இடத்தைப் படுக்க வச்சுக் குறிக்கக் கூடாது, உக்கார வச்சுக் குறிக்கணும். உள்பாடி பட்டை எங்க வருது, தாலிக்கயிறு எங்க உரசுதுன்னு அப்பத்தான் தெரியும். என் கூட வார்டுல இருந்த ஒரு அம்மாவுக்கு தாலிச் செயின் சரியா அது மேலயே விழுந்து தோல் சிவந்துகிட்டே இருந்துச்சு. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி பேனாவால குறிச்சுக்கச் சொல்லுங்க. கூச்சப்பட வேண்டாம்.

தொண்டிக்காரி

கார்ல போனா சீட் பெல்ட் மேலயே அழுத்தும். அதுக்காக பெல்ட்டைப் போடாம விடாதீங்க, சின்னத் துண்டை மடிச்சு நடுவுல வைங்க.

சின்னப்பாலம்_பையன்

இன்னைக்கு டாக்டரைப் பாத்துட்டு வந்தோம். வலது நெஞ்சு, கழுத்து வழியா, ஸ்கேன் பாத்து வைக்கிறதுன்னு முடிவாச்சு. தட்டணு, ரத்தம் உறையுற பரிசோதனை எல்லாம் எடுத்தாச்சு, முதல் ஏ.சி.க்கு முன்னாடியே வச்சுடுவாங்களாம். அம்மா நாற்காலியில உக்காந்து பாசி பிய்க்கிற மாதிரி குனிஞ்சு, இழுத்து, பையில போட்டுக் காட்டினாங்க. டாக்டர் சிரிக்கல, எழுந்து வந்து தோளைப் பிடிச்சுப் பாத்துட்டு, குறிச்ச இடத்தைக் கொஞ்சம் உள்பக்கமா மாத்தினார். சாயல்குடி அண்ணே, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

மிச்சம் ஒரு சந்தேகம். இடையில காய்ச்சல் வந்தா ராமநாதபுரம் ஓடணுமா, மதுரை வரணுமா? ஏர்வாடி அண்ணன் சொன்னதைப் படிச்ச பிறகு பயமா இருக்கு.

மதுரை_கீமோ_நர்ஸ்

முதல்ல பக்கத்துல ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கீமோ ஓடுறப்ப 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல்னா மணிக்கணக்கு முக்கியம், மதுரை வரைக்கும் வண்டியில வந்து நேரத்தைக் கழிக்காதீங்க. போனதும் "கீமோ நோயாளி, போர்ட் இருக்கு"ன்னு ரெண்டையும் சொல்லுங்க. போர்ட் வழியாத்தான் மருந்து ஏத்தணும்னு பிடிவாதம் வேண்டாம், முதல் ஆன்டிபயாட்டிக் வலது கையில நரம்பு கிடைச்சா அதுலயே போகட்டும். போர்ட்டை ஃப்ளஷ் பண்ணின கொஞ்ச நேரத்துல குளிர் நடுங்கினா அதை மறக்காம டாக்டர்கிட்ட சொல்லணும், கிருமி போர்ட்டுக்குள்ளதான் இருக்குன்னு சந்தேகப்பட வைக்கிற அடையாளம் அது. அப்ப போர்ட்லேருந்து ஒண்ணு, கையிலேருந்து ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல ரத்தம் எடுத்து, கிருமி வளருதான்னு பாக்க கல்ச்சர் அனுப்புவாங்க.

எங்க வார்டுல சீட்டு எழுதி வாங்கி, பிரிக்காத ஹூபர் ஊசி ரெண்டு வீட்ல வச்சுக்கோங்க. தடிமன் 20 கேஜ். நீளத்தை அம்மாவுக்கு முதல் தடவை குத்துறப்ப பாத்து எழுதித் தர்றேன், ஒல்லியான உடம்புக்கு ஒண்ணு, சதைப்பிடிப்புக்கு ஒண்ணு. ஃப்ளஷுக்குன்னு தனியா ஒரு தடவை கூட மதுரைக்கு வர வேண்டாம், ட்ராஸ்டுசுமாப் 21 நாளைக்கு ஒண்ணுன்னு போறப்ப அதோடயே முடிஞ்சுடும். அது முடிஞ்சதும் போர்ட்டை எப்ப எடுக்கிறதுன்னு கேளுங்க, இதயத்தைப் பாக்குற எக்கோவும் ஸ்கேனும் பாத்துட்டுச் சொல்வாங்க.

ஏர்வாடி_தர்கா_தெரு

அந்த ஊசி பாக்கெட்ல காலாவதி தேதி இருக்கும் தம்பி, பாத்து வாங்குங்க.